காலையில் எடுக்காத குவாட், மதியம் எடுக்காத குவாட்

துபாயிலிருந்து ஹத்தா போகிற ஈ44 சாலையில் அல் பதாயர் என்று ஓர் இடம் வரும். ஷார்ஜா எமிரேட்டைச் சேர்ந்தது. சாலையோரமாகவே செம்மணல் மேடு ஒன்று உயர்ந்து நிற்கும். ‘பிக் ரெட்’ என்று சொன்னால் அமீரகத்தில் மணலில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதைச் சுற்றி குவாட் பைக், அதாவது மணலில் ஓட்டும் நாலு சக்கர வண்டி, வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையின் ஒர்க்ஷாப்பில் பல வருடமாக எனக்கு வேலை. ஊரில் ஸ்ப்ளெண்டரும் டிவிஎஸ் எக்ஸெல்லும் பிரித்துப் பூட்டிய கைக்கு, இங்கே 686 சிசி ராப்டர், கிக்கர் மட்டுமே உள்ள இரட்டை சிலிண்டர் பான்ஷி, சிறுபிள்ளைகள் ஓட்டும் 110 சிசி சீன வண்டி என்று எல்லாமும் வந்து சேரும்.

அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை சீசன். வெள்ளி மதியம் வந்தால் ஞாயிறு இரவு வரை மூச்சு விட முடியாது. கோடையில் வண்டிகள் ஷெட்டில் கிடக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே சட்டம். வண்டிகளின் தொல்லையும் இந்தக் காலண்டரை ஒட்டித்தான் வருகிறது. சீசன் தொடங்கும்போது வருகிற ஸ்டார்ட்டிங் கோளாறு வேறு, சீசன் நடுவில் வருவது வேறு.

சுத்தமாக உயிரே இல்லாத வண்டியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. எங்கோ ஒரு வயர், ஒரு ஃபியூஸ். பிடித்துவிடலாம். ‘எடுக்கும், ஆனால் லேசில் எடுக்காது’ என்கிற ரகம்தான் ஆளைக் கொல்லும். பத்து முறை செல்ஃப் அடித்து, சோக்கை இழுத்து, தள்ளி, கடைசியில் எப்படியோ பிடித்துவிடும். பிடித்ததும் வாடகைக்கு அனுப்பிவிடுவார்கள். அது மணல்மேட்டின் உச்சியில் போய் நின்றுவிடும்.

எங்கள் ஒர்க்ஷாப்பில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். வந்த புதிதில் அவனோடு அடிக்கடி இந்தப் பேச்சு நடக்கும்:

“அண்ணே, பதினாலாம் நம்பர் எடுக்கவே மாட்டேங்குது. கார்ப்பைக் கழட்டிரட்டுமா?”

“எப்ப எடுக்கலை?”

“இப்பதாண்ணே.”

“இப்ப எடுக்கலைன்னு எனக்கும் தெரியுதுடா. அதுக்கு முன்னாடி வண்டி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?”

ராத்திரி முழுக்க நின்ற வண்டியா, ஓடி நிறுத்தி அஞ்சு நிமிஷத்தில் மறுபடி எடுக்கவில்லையா, தண்ணீர் அடித்துக் கழுவின பிறகா, கவிழ்ந்து எழுந்த பிறகா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஸ்பானரைத் தொடும் முன்பே பாதி வேலை முடிந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று எல்லா மெக்கானிக்கின் கைக்கும் ஓர் ஆசை உண்டு. அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

கவிழ்ந்த வண்டியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடுகிற இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வை அறிகிற சென்சார் ஒன்று இருக்கும். வண்டி புரண்டால் அது இன்ஜினை நிறுத்திவிடும். நிமிர்த்தி வைத்துவிட்டுச் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. சாவியை ஒருமுறை ஆஃப் செய்துவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் வழிந்து சிலிண்டருக்குள் போயிருக்கும், ஆயில் ஏர் பில்டர் பெட்டிக்கு ஏறியிருக்கும். பில்டரைப் பாருங்கள். செல்ஃப் ஒரே இடத்தில் முட்டி நின்றால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே திரவம் தேங்கியிருக்கலாம், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரையோ செல்ஃபையோ நாலு சுற்று சுற்றினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். முகத்தை அந்த ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள்.

அதோடு இன்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்ச், பின்னால் தொங்கும் கயிற்றுச் சாவி, நியூட்ரல், பிரேக் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஆட்டோமேட்டிக் குவாட்களில் பெரும்பாலும் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிரேக் லீவரின் அடியில் இருக்கிற சின்ன ஸ்விட்சில் மணல் புகுந்தால் சில நேரம் எடுக்கும், சில நேரம் எடுக்காது. ‘வண்டிக்கு மூடு சரியில்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்வது முக்கால்வாசி அந்த ஸ்விட்ச்தான்.

அடுத்தது சத்தம். பட்டனை அழுத்தினால் என்ன கேட்கிறது? ‘டிக்’ என்று ஒரே சத்தம் கேட்டு நின்றால் பேட்டரி, ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், வயர் முனை, இந்த நாலில் ஒன்று. ‘டிக்டிக்டிக்’ என்று அடித்துக்கொண்டால் பெரும்பாலும் பேட்டரி. மோட்டார் ‘கிர்ர்’ என்று வேகமாகச் சுற்றியும் இன்ஜின் அசையாவிட்டால், மோட்டாரை இன்ஜினோடு சேர்க்கிற ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதற்குப் பக்கவாட்டு மூடியைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இந்த ஊர் வெயில் பேட்டரியைத் தின்னும். மல்டிமீட்டர் இல்லாமல் பேட்டரியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நன்று, 12-க்குக் கீழே என்றால் காலி. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. மீட்டரை வைத்துக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 10-ஐ விட்டுக் கீழே சரிகிறதா என்று பாருங்கள். 12.7 காட்டிவிட்டு, பட்டனை அழுத்தியதும் 8-க்கு விழுகிற பேட்டரிகள் எத்தனையோ. அப்படிப்பட்ட பேட்டரி இன்ஜினைச் சுற்றிவிடும், ஆனால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் யூனிட்டுக்கு மிச்சம் வைக்காது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை எடுக்காது, பட்டனை விடுகிற அந்த நொடியில் ‘டப்’ என்று பிடிக்க முயலும். இதைப் பார்த்தால் வேறெதையும் கழற்றாமல் நல்ல பேட்டரி ஒன்றை இணைத்துப் பாருங்கள். நிஸான் பட்ரோல், லேண்ட் குரூஸரிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது அந்தப் பெரிய வண்டியின் இன்ஜின் அணைந்தே இருக்கட்டும். சின்ன பேட்டரிக்கு அதன் பேட்டரியே தாராளம்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் போகிற வயர் முனையில் துரு, பெயின்ட், மணல் எல்லாம் இருக்கும். மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரி மைனஸிலும் மறு கம்பியை இன்ஜின் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்தப் பாதையில் தடை இருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் புது மோட்டார் வாங்கும் செலவு மிச்சம்.

இனி, சீசன் தொடக்கத்துக் கதை. கோடை முழுக்க 45 டிகிரிக்கு மேல் ஷெட்டில் கிடந்த கார்புரேட்டர் வண்டி அக்டோபரில் எடுக்காது. பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதிதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவுவது. அது வெயிலில் முதலில் போய்விடும். மிச்சம் இருப்பது கார்புரேட்டர் கிண்ணத்தில் பழுப்பு நிறப் பிசினாகப் படியும். முதலில் அடைபடுவது, இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற சின்னப் பித்தளைத் திருகான ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடுகிற மெயின் ஜெட் பெரியது என்பதால் அது தப்பித்துவிடும். அதனால்தான் அப்படிப்பட்ட வண்டி முழுச் சோக்கில் எடுக்கும், சோக்கை உள்ளே தள்ளினால் அணையும், ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

கழற்றும் முன் ஒரு சோதனை. கிண்ணத்தின் அடியில் இருக்கிற டிரெய்ன் ஸ்குரூவைத் திறந்து, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். என்ன நிறம், அடியில் மணலோ தண்ணீரோ இருக்கிறதா என்று தெரியும். முக்கியமானது, எவ்வளவு நேரம் ஒழுகுகிறது என்பது. முதலில் நன்றாக வந்து, மெல்லக் குறைந்து, சொட்டுச் சொட்டாக மாறினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஓட்டம் கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நம் ஊரில் அரிதாகப் பார்க்கிற கோளாறு. இங்கே மணல் பறப்பதால் அடிக்கடி வரும். கார்புரேட்டரில் ஒரு குற்றமும் இல்லாமலேயே அதைப் பலமுறை கழற்ற வைப்பது இந்தச் சின்ன ஓட்டைதான். மூடியைத் திறந்தும் ஓட்டம் கூடாவிட்டால் டேங்கின் பெட்ரோல் டேப், அதன் உள்ளே இருக்கிற வலை, பெட்ரோல் குழாய் என்று மேலே போய்ப் பாருங்கள்.

ஸ்லோ ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மிருதுவான உலோகம், துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது. வயரிலிருந்து உருவிய மெல்லிய செம்பு இழை ஒன்று போதும், கார்ப் கிளீனர், காற்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். பெட்ரோல் கலவையின் அளவை வைக்கிற மிக்ஸர் ஸ்குரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் ஸ்பிரிங், வாஷர், பொடி ஓ-ரிங் மூன்றும் இருக்கும், மணலில் விழுந்தால் தேடிக் கிடைக்காது.

சோக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டியில் குறையே இல்லாமல் ஓட்டுபவரின் கையால் வருகிற தொல்லை இது. ஜனவரி விடியற்காலையில் இந்தப் பாலைவனம் 10 டிகிரி பக்கம் இறங்கும். பாலைவனத்தில் சோக் எதற்கு என்று நினைக்கிறவர்கள் அப்போது முழிப்பார்கள். பெரும்பாலான குவாட் கார்புரேட்டர்களில் சோக் என்பது வாயை மூடுகிற தகடு அல்ல. தனி வழியில் கூடுதல் பெட்ரோலை உறிஞ்சவிடும் ஏற்பாடு. ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால்தான் அந்த வழியில் உறிஞ்சும் விசை கிடைக்கும். சோக்கையும் இழுத்து, ஆக்ஸிலேட்டரையும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் சோக் வேலையே செய்யாது. சோக்கை முழுதாக இழுங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள், பட்டனை அழுத்துங்கள். இதைச் சொல்லிக்கொடுத்தே பல வண்டிகளை நான் ‘ரிப்பேர்’ செய்திருக்கிறேன்.

இன்னொன்று, ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு மருந்தாக, இங்கே விற்கிற விலை கூடிய சூப்பர் 98 பெட்ரோலைப் போடுகிறவர்கள் உண்டு. ஸ்பெஷல் 95 போட்டால் எடுக்காத வண்டி 98-க்கும் எடுக்காது. ஆக்டேன் எண்ணுக்கும் ஸ்டார்ட் ஆவதற்கும் சம்பந்தமில்லை. புதிய பெட்ரோல் என்பதுதான் முக்கியம், விலை கூடிய பெட்ரோல் அல்ல.

பிளக். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: பிளக்கைக் கழற்றும் முன் அந்தக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். குவாட்டில் பிளக் குழி ஆழம். அதில் ஒரு கரண்டி மணல் இருக்கும். பிளக்கைத் தூக்கிய உடனே அது சிலிண்டருக்குள் கொட்டும். பிறகு பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் கீறி, நிஜமாகவே ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் பலவற்றில் அந்தக் குழியிலிருந்து தண்ணீர் வடிய ஹெட்டின் பக்கவாட்டில் சின்னத் துளை உண்டு. அது மணலால் அடைபட்டிருந்தால், பிரஷர் வாஷ் அடித்ததும் குழியில் தண்ணீர் தேங்கி, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் தண்ணீர் வழியாக எர்த் ஆகிவிடும். கழுவின மறுநாள் எடுக்காத வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை அல்லது அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோல் வந்து மூழ்கியிருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரண்டைச் சோதிக்க, கையிருப்பில் உள்ள நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் அழுத்திவைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது. கழற்றிய பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிவைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், அதிலிருந்து வருவது பெட்ரோல் ஆவி. மூழ்கிய வண்டிக்குச் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து சில விநாடி செல்ஃப் அடித்தால் காய்ந்துவிடும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே பற்றிக் கேட்பீர்கள். பெட்ரோல் கோளாறா கரண்ட் கோளாறா என்று பிரிக்க ஒரே ஒரு சிறு பீய்ச்சல் பரவாயில்லை. தினமும் காலையில் அதை வைத்தே வண்டி எடுக்கிற பழக்கம் கூடாது. பான்ஷி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அதைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் அந்த இன்ஜினுக்கு உயவு, ஸ்ப்ரேயில் ஆயில் கிடையாது. டூ ஸ்ட்ரோக் கஷ்டப்பட்டு எடுத்தால், காற்று உள்ளே போகிற வழியில் இருக்கும் ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறதா, கிராங்க் சீல் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கியர் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை தள்ளும், அடையாளம் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் குளிர்ந்த வண்டிக்கு. மதியம் எடுக்காத வண்டி வேறு மாதிரி. காலையில் சமர்த்தாக எடுக்கும், ஒரு மணி நேரம் மேட்டில் ஓடும், தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அத்துடன் சரி.

அல் ஐன் பக்கத்திலிருந்து ஒருவர் தன் சொந்த 450 சிசி பந்தய ரகக் குவாட்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன் வேறு இடத்தில் கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழுவி, ஜெட் மாற்றி, காயில் மாற்றி, பிளக் மாற்றி, பேட்டரியும் புதுசு. ஆனாலும் சூடானால் எடுக்கவில்லை. அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வார்த்தை விட்டார்: சரிவில் செகண்ட் கியரில் தள்ளிவிட்டால் உடனே பிடித்துவிடுகிறதாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. செல்ஃப் சுற்றுகிற வேகத்தில் எடுக்காமல், தள்ளும்போது வேகமாகச் சுற்றினால் எடுக்கிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்குகிற அழுத்தம், கசிகிறது. மெதுவாகச் சுற்றும்போது கசிந்து வெளியேற நேரம் இருக்கிறது. வேகமாகச் சுற்றினால் கசிவதற்குள் நெருப்புப் பற்றிவிடுகிறது.

வண்டியை ராத்திரி வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்துகிற பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இங்கே பகலில் நிறுத்திவைத்த வண்டியே வெயிலில் சூடாக இருக்கும் என்பதால் விடிந்ததும் அளப்பது எங்கள் வழக்கம். கவரைத் திறந்து, மார்க் சேர்த்து, காற்று உள்ளே வருகிற இன்டேக் பக்கம் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை விட்டுப் பார்த்தால் நுழையவே இல்லை. இருக்க வேண்டியது சுமார் 0.1 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி அளவு மாறும், எக்ஸாஸ்ட் பக்கம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்; மேனுவலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால், இன்ஜின் சூடாகி உலோகம் நீளும்போது வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வு வழியே கம்ப்ரஷன் போய்விடும். வேறு எதை மாற்றினாலும் அது சரியாகாது.

இந்த இடைவெளியை வைக்கிற சின்னத் தகடான ஷிம்மை மாற்றினோம், ஒரே அழுத்தில் எடுத்தது. அவருக்குச் சந்தோஷம். நான் மட்டும் ஒன்று சொல்லி அனுப்பினேன்: ஷிம் மாற்றியது சில மாதம் தாங்கினால் நல்லது; சீக்கிரமே மறுபடி இறுகினால் வால்வு முகம் தேய்ந்துவிட்டது என்று பொருள், அப்போது ஷிம்மில் காசு போடாதீர்கள், வால்வையும் சீட்டையும் பாருங்கள். பிறகு அவருடைய ஏர் பில்டரைக் காட்டினேன்.

கோடையில் கிடந்து வருகிற கோளாறு போக, சீசன் நடுவில் வருகிற ஸ்டார்ட்டிங் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான் போய் முடியும் என்பது என் கணக்கு. பாலைவனத்து மணலில் கண்ணுக்குத் தெரிகிற பருமணல் பிரச்சினை இல்லை, அது பில்டரில் நின்றுவிடும். மாவு மாதிரியான தூசிதான் எமன். ஸ்பாஞ்ச் பில்டரில் பில்டர் ஆயில் இல்லையென்றால் அது நேராக உள்ளே போகும். போய் இன்டேக் வால்வின் முகத்தை அரைக்கும், ரிங்கைத் தேய்க்கும். வண்டி ஒரே நாளில் நிற்காது. முதலில் கொஞ்சம் தாமதமாக எடுக்கும், பிறகு சோக் கேட்கும், பிறகு தள்ளச் சொல்லும்.

பில்டரை மண்ணெண்ணெயிலோ அதற்கென்று உள்ள கிளீனரிலோ கழுவி, பிறகு சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளங்கைக்குள் வைத்து அமுக்கிப் பிழியுங்கள். ஈரத் துணியை முறுக்குவது போல முறுக்கினால் ஒட்டிய இடம் கிழியும். நன்றாகக் காய்ந்த பிறகு பில்டர் ஆயிலை எல்லா இடத்திலும் பரவும்படி பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டு, பெட்டியில் உட்காருகிற விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். அந்த விளிம்பை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விளிம்பில் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியாகப் போகும். மாட்டும் முன் கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று பட்டால் மணல் ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு குழுவாகப் போகும்போது முன்னால் போகிற கைடு வண்டிக்குத் தூசி குறைவு. கடைசியில் வருகிற வண்டி முன்னால் போன அத்தனை பேரின் தூசியையும் குடிக்கும். அதனால் எந்த வண்டியும் தினமும் கடைசியில் போகாதபடி நாங்கள் மாற்றி மாற்றி விடுகிறோம். கடைசியில் போன வண்டியின் பில்டர் அன்று இரவே கழுவப்பட வேண்டும்.

டேப்பெட் சரியாக இருந்தும் சூட்டில் எடுக்காவிட்டால், கரண்ட்டைச் சந்தேகப்படுங்கள். மேக்னெட் பக்கத்தில் இருந்து, பிளக் எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்கிற பிக்-அப் காயில் சூடானதும் உள்ளே தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். இதை ஆறவைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும், அதுதான் ஏமாற்று. எடுக்காமல் நிற்கிற அந்த நிமிடத்திலேயே பிளக்கில் கரண்ட் பார்க்க வேண்டும், அந்தச் சூட்டிலேயே காயிலின் ஓம் அளவை எடுத்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். 450 ரகங்கள் சிலவற்றில் ஹாட் ஸ்டார்ட் லீவர் என்று தனியாக ஒன்று இருக்கும். சூடான இன்ஜினில் அதைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை உடைந்த கிளட்ச் லீவர் என்று நினைக்கிறார்கள்.

கம்ப்ரஷன் கேஜைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாலு ஸ்ட்ரோக் குவாட் பலவற்றில் ஸ்டார்ட் செய்யும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும் ஆட்டோ டீகம்ப்ரஷன் உண்டு. அதனால் நல்ல இன்ஜினே கேஜில் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றுக் கொடுத்து எங்கே சீறுகிறது என்று கேட்பது நம்பகமானது. கிராங்க் சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் வாயில் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, அவை தொல்லை குறைவு. சாவி போட்டதும் டேங்க் அருகே இரண்டு விநாடி பம்பின் ‘ம்ம்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் போங்கள். காலையில் மட்டும் எடுக்கக் கஷ்டப்பட்டால் கூலன்ட் வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள். அது பொய் சொன்னால் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் குறைவான பெட்ரோல் விடும்.

கடைசியாக, சீசன் முடியும் நேரத்தில் இங்கே பழைய குவாட் நிறைய விலைக்கு வரும். நம் ஆட்களும் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குகிறார்கள். பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சருக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், பிறகு இன்ஜினைத் தொடுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், ‘சும்மா ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன் பாய்’ என்பார் விற்பவர். சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போங்கள், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வாருங்கள். குளிர்ந்த நிலையில் நீங்களே எடுங்கள், நன்றாக ஓட்டுங்கள், சூடானதும் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். இரண்டு முறையும் எடுத்துவிட்டால் சீட்டைத் தூக்கி ஏர் பில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மட்டும் அவர் மறுத்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.